நாய்க்குப் பச்சை இறைச்சி: மலையக வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை வைத்தியரின் பதில்கள்

நான்கு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிக்குத் தினமும் எலும்பில்லாத மாட்டிறைச்சியைப் பச்சையாகக் கொடுக்கிறேன். ஆசையாகத்தான் சாப்பிடுகிறது. ஆனால், ஒரு வாரமாக நொண்டுகிறது, படியேற மறுக்கிறது. (ஹட்டன்)

அந்த உணவை இன்றே நிறுத்துங்கள். குட்டியை நடத்திக் கூட்டிப்போகாமல், தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். வெறும் சதையில் பொஸ்பரஸ் நிறைய இருக்கிறது. கல்சியமோ அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். வளரும் குட்டிக்குப் பொஸ்பரஸைவிடக் கல்சியம் சற்றுக் கூடுதலாக வேண்டும். உணவில் கிடைக்காததை உடல் தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. எக்ஸ்-ரேயில் பார்த்தால் காலெலும்பின் சுவர் பென்சில் கோடுபோல மெலிந்திருக்கும். கட்டிலிலிருந்து குதித்தாலே முறியக்கூடும்.

பயந்துபோய் மருந்துக்கடையில் கல்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மிதமிஞ்சிய கல்சியத்தைத் தடுக்கும் திறன் சிறு குட்டிகளின் உடலுக்கு இல்லை. பெரிய இனங்களில் அதுவும் எலும்பைக் கோணலாக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுமையான உணவுக்கு மாற்றுங்கள். வளர்ச்சி முடியும்வரை, வீட்டில் கலக்கும் பச்சை உணவை எந்தக் குட்டிக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

வளர்ந்த நாய், 20 கிலோ. எதை, எவ்வளவு கொடுப்பது? (பண்டாரவளை)

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு, அதாவது நாளுக்கு 400 முதல் 600 கிராம். 500 கிராம் என்று வைத்தால் சதை 400, எலும்பு 50, ஈரல் 25, சிறுநீரகமோ மண்ணீரலோ 25. இதயமும் இரைப்பையும் சதைக் கணக்கில் சேரும். கோழிக் கழுத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் எலும்பு. ஆகவே சுமார் 140 கிராம் கழுத்து போட்டால் 50 கிராம் எலும்பு சேரும். மீதியைச் சதைக் கணக்கில் எழுதுங்கள். அவசரமாக விழுங்கும் நாய்க்குக் கழுத்தை அரைத்தே கொடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஈரலைக் கூட்டினால் விற்றமின் ஏ நஞ்சாகும்.

இந்தக் கணக்கு சரியாக இருந்தாலும் துத்தநாகம், அயடீன், விற்றமின் டி, ஈ ஆகியவை குறையும். எதை எவ்வளவு சேர்ப்பது என்பதை நாயைப் பார்த்த வைத்தியரே சொல்ல வேண்டும்.

நுவரெலியாக் குளிரில் இறைச்சியை இரவில் வெளியே வைத்தால் என்ன?

வேண்டாம். நமக்குப் போர்வை தேவைப்படும் குளிரிலும் கிருமிகள் பெருகும். குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகை எங்கே, வெளியே உள்ள 12, 15 பாகை எங்கே!

முனியாண்டி பூசைக்கு ஆடு வெட்டும்போது ஈரல், நுரையீரலை எங்கள் லயத்து நாய்களுக்கு அப்படியே போடுகிறோம். தவறா? (தலவாக்கலை)

தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். அந்த ஈரலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வெளிறிய நிறத்தில், தெளிந்த நீர் நிறைந்த பை தெரிந்தால், அதனுள் நாடாப்புழுவின் இளம் பருவம் இருக்கக்கூடும். நாய் அதைத் தின்றால் குடலில் சில மில்லிமீற்றர் நீளப் புழுக்கள் வளரும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். ஆனால் முட்டைகள் மலத்தோடு வெளியேறி நாயின் மயிரிலும் மரக்கறிப் பாத்தியிலும் ஒட்டும். அங்கிருந்து பிள்ளைகளின் வாய்க்குப் போகும். பிறகு மனிதரின் ஈரலிலோ நுரையீரலிலோ அதே நீர்ப்பை ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி வளரும்.

பை தெரிந்த உறுப்பை, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். மற்றவற்றை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்துப் போடுங்கள். ஏற்கெனவே தின்ற நாய்களுக்குப் பிரசிகுவாண்டல் அடங்கிய மாத்திரை வேண்டும். எல்லாப் பூச்சி மருந்தும் இந்தப் புழுவைக் கொல்லாது.

கறியில் மிஞ்சிய எலும்பு? (கொட்டகலை)

கூடாது. வெந்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் குத்தும். குழம்பிலுள்ள வெங்காயமும் நாயின் இரத்தத்துக்குக் கெடுதல்.

வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் அம்மாவும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். பச்சை உணவு கொடுக்கலாமா? (பதுளை)

உங்கள் வீட்டுக்குப் பச்சை உணவு வேண்டாம். பச்சை இறைச்சியிலுள்ள சல்மொனெல்லா என்னும் கிருமி நாயின் நக்கலிலும் மலத்திலும் பரவும்; உறையவைத்தாலும் அது சாகாது. அதே இறைச்சியை எலும்பு நீக்கி வேகவைத்து, அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி முட்டையோட்டுத் தூள் கலந்து கொடுங்கள். ஓட்டை முதலில் கொதிநீரில் போட்டெடுத்து, காயவைத்து, மாவாக அரைக்க வேண்டும். பச்சையாகக் கொடுக்காததால் நாய்க்கு எந்த இழப்பும் இல்லை. பண்டாரவளை வாசகருக்குச் சொன்ன சத்துகளை மட்டும் இங்கேயும் வைத்தியரிடம் கேட்டுச் சேருங்கள்.