வேதாகமத்தின் கடவுள் ஏன் இவ்வளவு கோபக்காரராகத் தெரிகிறார்?

பழைய ஏற்பாட்டின் கடவுள் எதற்கெடுத்தாலும் சினந்து தண்டிக்கிறார், புதிய ஏற்பாட்டின் கடவுளோ அன்பே உருவாக இருக்கிறார், இருவரும் ஒருவர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இது மிகப் பழைய கேள்வி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், கருங்கடல் கரையிலுள்ள சினோப்பே என்ற ஊரிலிருந்து ரோமாபுரிக்கு வந்த மார்சியோன் என்பவர் இதையே கேட்டு, கடவுள்கள் இருவர் என்று விடையும் சொன்னார். எபிரெய வேதத்தை முழுவதுமாகத் தள்ளிவிட்டு, லூக்காவின் சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்ட அவரை, ஏறத்தாழ 144-ஆம் ஆண்டில் ரோம் சபை விலக்கியது. தாம் ஏற்றுக்கொண்ட லூக்காவிலேயே தமக்கு ஒவ்வாத பகுதிகளை வெட்ட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது என்பதை நினைத்தால், அந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது விளங்கும்.

ஏனென்றால் கோபம் ஒரு பக்கமாகவும் இரக்கம் மறுபக்கமாகவும் கிடக்கவில்லை. நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்துப் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் பேதுருவின் முன்னே விழுந்து சாவது புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலருடைய நடபடிகளில்தான். நரக அக்கினியைப் பற்றிச் சுவிசேஷங்களில் பேசுபவர் இயேசுவே. மறுபக்கம், கர்த்தர் இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்ற அறிக்கை, பொன் கன்றுக்குட்டியை வணங்கியதற்காக ஏறக்குறைய 3000 பேர் வெட்டப்பட்ட இரண்டு அதிகாரங்களுக்குப் பிறகு, பழைய ஏற்பாட்டின் அதே யாத்திராகமத்தில் வருகிறது. ஆகவே எந்த ஏற்பாடு என்று பார்ப்பதைவிட, கோபம் யார்மேல் மூள்கிறது, அதைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை உண்டு, அதோடு வழக்காட முடியுமா என்று பார்ப்பதே பயனுள்ள வழி என்பது என் கருத்து.

தேசத்துக்கு நேர்ந்த தோல்வியைத் தெய்வத்தின் கோபமாகப் பார்ப்பது இஸ்ரவேலருக்கு மட்டும் உரிய வழக்கமாக இருக்கவில்லை. 1868-இல் இன்றைய யோர்தானிலுள்ள தீபானில் கண்டெடுக்கப்பட்டு இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டில், கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டின் மோவாபிய அரசன் மேசா, காமோஸ் தெய்வம் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்தபடியால்தான் இஸ்ரவேலின் அரசன் உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான் என்று எழுதிவைத்திருக்கிறான். இஸ்ரவேலின் தோல்விகளைக் கர்த்தருடைய கோபமாகவே சொல்லும் நியாயாதிபதிகளின் புத்தகத்தைப் படித்தவருக்கு இந்த வாக்கியம் பழகியதாகவே இருக்கும். ஆனால் காமோஸ் ஏன் கோபித்தது என்பதற்கு அந்தக் கல்வெட்டு காரணம் சொல்வதில்லை; கேட்பதுமில்லை.

தெக்கோவா ஊரின் மேய்ப்பனான தீர்க்கதரிசி ஆமோஸ், காரணத்தைச் சொல்லியே தீருகிறார். முதலில் அயல்நாடுகளை வரிசையாக அழைக்கிறார்: கீலேயாத்தின் கர்ப்பிணிகளைக் கீறிப்போட்ட அம்மோன், ஜனங்களைச் சிறைபிடித்து ஏதோமிடம் ஒப்புவித்த காசா. கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் ஒவ்வொரு பெயருக்கும் ஆமோதித்துத் தலையாட்டியிருப்பார்கள். கடைசியில் அவர்களுடைய பெயரே வருகிறது. குற்றம், நீதிமானைப் பணத்துக்கும் எளியவனை ஒரு ஜோடு செருப்புக்கும் விற்றது. பூமியின் வம்சங்களில் உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்கள் அக்கிரமங்களுக்காக உங்களைத் தண்டிப்பேன் என்கிறது அடுத்த அதிகாரம். அந்த 'ஆகையால்' என்ற இடத்தை நம்மில் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். தீர்க்கதரிசிகளின் நூல்களில் தேவகோபத்தின் அதிகமான பங்கு சொந்த ஜனத்துக்கும் சொந்த அரசனுக்குமே விழுகிறது. எதிரியை மிரட்டும் ஆயுதமாகவே அதை எடுப்பவர்கள் அந்த நூல்களைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் நெருடலான ஒரு பகுதிக்கு வருகிறேன். 2 சாமுவேல் 24-இல் கர்த்தருடைய கோபம் இஸ்ரவேலின்மேல் மூள்கிறது; எதற்காக என்று சொல்லப்படவில்லை. அந்தக் கோபமே தாவீதை ஏவி, ஜனத்தை எண்ணச் செய்கிறது. படைத்தலைவன் யோவாப், அவன் ஒன்றும் பக்திமான் அல்ல, இது வேண்டாம் என்று தடுத்துப் பார்க்கிறான், அரசன் கேட்கவில்லை. ஒன்பது மாதமும் இருபது நாளும் அலைந்து எண்ணி முடித்தபின், இஸ்ரவேலில் பட்டயம் உருவத்தக்கவர்கள் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம் என்று கணக்கு வருகிறது. எண்ணப்பட்டவர்கள் போர்வீரர்கள் மட்டும் என்பதால், தேவனை விட்டுப் படைபலத்தை நம்பியதே பாவம் என்று பிரசங்கிகள் விளக்குவது வழக்கம். விளக்கம் பொருத்தமானதாக இருக்கலாம், ஆனால் அந்த அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. பிறகு தீர்க்கதரிசி காத் வந்து பஞ்சம், பகைவருக்கு அஞ்சி ஓடுதல், மூன்று நாள் கொள்ளைநோய் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார். மனிதர் கையில் விழுவதைவிடக் கர்த்தருடைய கையில் விழுவது மேல் என்கிறான் தாவீது. 70,000 பேர் சாகிறார்கள்.

தவறு செய்தவன் அரசன், செத்தவர்கள் குடிகள். அந்தத் தவறுக்கும் ஏவியவர் கர்த்தர். இது எப்படி நியாயம்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதற்கு முன்பே அந்தப் பகுதிக்குள் ஒருவன் கேட்டுவிடுகிறான். பாவம் செய்தவன் நான், இந்த ஆடுகள் என்ன செய்தன, உம்முடைய கை என்மேலும் என் தகப்பன் வீட்டின்மேலும் இருக்கட்டும் என்று தாவீதே முறையிடுகிறான். அவன் வாயைத் திறப்பதற்கு ஒரு வசனம் முன்னதாகவே, எருசலேமை அழிக்கக் கை நீட்டிய தூதனிடம் கர்த்தர் மனஸ்தாபப்பட்டுப் போதும் என்று சொல்லிவிடுகிறார் என்பதும் கவனிக்கத் தக்கது.

அதைவிட முக்கியமானது, அதே சம்பவத்தைப் பின்னாளில், பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து ஜனங்கள் திரும்பிய காலத்துக்குப் பிறகு, மறுபடி எழுதிய நாளாகமப் புத்தகத்தின் ஆசிரியர் செய்த மாற்றம். 1 நாளாகமம் 21-இன் முதல் வசனத்தில் தாவீதை ஏவிவிடுவது சாத்தான். கர்த்தரே ஒருவனைப் பாவத்துக்குத் தூண்டிவிட்டு அதற்காகவே தண்டித்தார் என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். இரண்டையும் சமரசப்படுத்த, கர்த்தர் அனுமதித்தார், சாத்தான் செய்தான் என்று சபைகளில் சொல்வார்கள். அந்தச் சமாதானம் எனக்குத் திருப்தி அளித்ததில்லை. தொகுத்தவர்கள் இரண்டு பதிவுகளையும் ஒரே வேதத்துக்குள் விட்டுவைத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இப்படி வழக்காடுவது விதிவிலக்கும் அல்ல. கன்றுக்குட்டி விவகாரத்தில், இந்த ஜனத்தை அழித்துவிட்டு உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன் என்று கர்த்தர் சொன்னபோது, மோசே நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. எகிப்தியர் என்ன பேசுவார்கள், ஆபிரகாமுக்கு ஆணையிட்டது என்ன ஆகும் என்று ஒரு வக்கீலைப் போல வாதிடுகிறார், வெற்றியும் பெறுகிறார். பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிக்கப்படும் என்கிறது யாத்திராகமம். பாபிலோனியச் சிறையிருப்பில் இருந்த எசேக்கியேலோ, பிதாக்கள் திராட்சக்காய் தின்றதனால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்ற பழமொழியை இனி யாரும் சொல்லக் கூடாது, பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும் என்று ஒரு முழு அதிகாரத்தை அதற்கென்றே செலவிடுகிறார். எல்லாவற்றையும் இப்படி ஆற்றிவிட முடியாது. இஸ்ரவேலின் பகைவரான அமலேக்கியரில் குழந்தைகளையும் பால்குடிக்கிறவர்களையும் கொல்லச் சொல்லும் 1 சாமுவேல் 15-க்கு நான் கேட்ட எந்த விளக்கமும் மனதுக்கு ஒப்பவில்லை; ஒப்பாததை ஒப்புவதாகக் காட்டிக்கொள்வது பக்தி என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நடைமுறையில் இதெல்லாம் ஏன் முக்கியம் என்றால், அடுத்தவனுடைய துன்பத்துக்குத் தேவகோபம் என்று பெயர் சூட்டும் பழக்கம் இன்றும் போகவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்களைச் சுனாமி அலை அள்ளிக்கொண்டு போனது. அதையும் கடவுளின் தண்டனை என்று ஒலிபெருக்கியில் முழங்கியவர்களை என் காதாலேயே கேட்டேன். அவர்கள் கையிலிருந்த வேதாகமத்திலேயே, சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் எருசலேமிலிருந்த மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்லும் லூக்கா 13 இருந்தது. குற்றமற்ற ஒருவன் படும் துன்பத்தைச் சொல்லும் யோபின் புத்தகமும் இருந்தது. நீ செய்த பாவத்துக்குத்தான் இந்த அடி என்று பல அதிகாரங்களில் சிநேகிதர்கள் யோபிடம் மாறி மாறிச் சொல்கிறார்கள்; முடிவில் கர்த்தரின் கோபம் யார்மேல் மூள்கிறது என்றால், எலிப்பாஸின்மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்மேலும். அவர்கள் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலியிட வேண்டும், அவர்களுக்காக யோபு வேண்டுதல் செய்ய வேண்டும் என்பது தீர்ப்பு.

நீங்களே படித்துப் பார்க்க விரும்பினால், யோனாவையும் நாகூமையும் ஒரே அமர்வில் படியுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏழு அதிகாரங்கள்தான். இரண்டுக்கும் பொருள் அசீரியரின் நினிவே. நாகூம் அந்த நகரத்தின்மேல் வரும் கோபத்தைக் கொண்டாடுகிறார், கி.மு. 612-இல் நினிவே விழவும் செய்தது. யோனாவிலோ, அறிவித்த தண்டனையை அதே நகரத்துக்கு வராமல் கர்த்தர் நிறுத்திவிடுகிறார், கோபமாக உட்கார்ந்திருப்பவர் தீர்க்கதரிசிதான். யாத்திராகமத்தின் அந்த இரக்க அறிக்கையை யோனா கடவுளிடமே குற்றச்சாட்டாகத் திருப்பிச் சொல்லும் நான்காம் அதிகாரத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.