தெருநாய் பயம்: மகனைத் தனியே டியூஷனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது. இரண்டு தெரு தள்ளி டியூஷன். ஒரு குழந்தையை நாய்க் கூட்டம் கடித்துக் கொன்ற வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் பார்த்த பிறகு டியூஷனையே நிறுத்திவிட்டேன். அவ்வளவு ஆபத்தா, டாக்டர்?

பதில்: அந்த மாதிரி வீடியோக்கள் எனக்கும் வருகின்றன. பார்த்தால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். ஆனால் நாய்கள் குதறியே ஒருவர் உயிர் போவது மிக அரிது. அமெரிக்காவில் இதற்குத் தனிக் கணக்கு உண்டு: 2011 முதல் 2021 வரை ஆண்டுக்குச் சராசரியாக 43 பேர். அங்கே மக்கள்தொகை 33 கோடி. அவர்கள் ஊர் நாய் வேறு, நம் தெருநாய் வேறு, சரி. ஆனாலும் 2023-ல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 1.72 லட்சம் பேர். அந்த இரண்டு தெருவில் நான் முதலில் பயப்படுவது ஸ்கூட்டர்களுக்குத்தான்.

அதற்காக நாயை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. உயிரை எடுப்பது பெரும்பாலும் கூட்டம் அல்ல, கடியால் பரவும் வெறிநோய் (ரேபிஸ்). இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு ஒன்று 2024-ல் வந்தது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக் கடிகள், வெறிநோயால் சுமார் 5,700 சாவுகள் என்று அது கணக்கிட்டது. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஊசியே போட்டுக்கொள்ளவில்லையாம். எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வரிதான். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. அதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் ஏறக்குறைய எல்லாரும் பிழைக்கலாம்.

குழந்தைகள் மறைப்பார்கள். “எதுக்கு நாய்கிட்ட போனே?” என்று அடி விழுமே என்ற பயம். போதாததற்கு, தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று பாட்டி சொன்ன கதை. அதெல்லாம் பழைய காலம். இப்போது கையில்தான் போடுகிறோம். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி, பிறகு அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கடித்தாலோ, ரத்தம் வராமல் நகம் கீறினாலோகூட, உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து. வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, காபித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அப்புறம் அன்றைக்கே மருத்துவமனை. ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே தடுக்கும் எதிர்ப்புப் புரத ஊசி) போட வேண்டும், கேட்டு வாங்குங்கள். “நாய் பத்து நாள் உயிரோடிருக்கிறதா, பார்ப்போம்” என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

டியூஷனை மறுபடி தொடங்குங்கள். ஒரு வாரம் கூடவே நடந்து போங்கள். கறிக்கடைக் கழிவு கொட்டும் முனை, குட்டி போட்ட நாய் படுத்திருக்கும் இடம், இரண்டையும் காட்டிச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். நாய் குரைத்தால் ஓடாமல் நின்று, மெதுவாக விலக வேண்டும். (இரவு டியூட்டி முடிந்து வரும்போது நாய்களைப் பார்த்தால் நானே ஸ்கூட்டரை முறுக்கிவிடுவேன். துரத்தத்தான் செய்யும்.) கீறல் பட்டு வந்து சொன்னால் திட்ட மாட்டேன் என்று அவனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.