கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இரும்புச் சங்கிலியில் பாலத்தையே தொங்கவிட்டார்களாமே, அறுந்து விழாதா? – வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் வீட்டு வளவில் ஊஞ்சல் இருந்தால் அதன் சங்கிலியைக் கொஞ்சம் பாருங்கள், ஆச்சி. எங்கள் வீட்டு ஊஞ்சலில் வளையம் வளையமாகக் கோத்த சங்கிலி கிடையாது. முழ நீளக் கம்பிகள். ஒன்றின் முனைக் கொக்கி அடுத்ததன் கண்ணில் மாட்டியிருக்கும். அப்பத்தா வாரம் தவறாமல் அந்தக் கண்களில் தேங்காய் எண்ணெய் விடுவார்.

வேல்ஸ் நாட்டில் குறுகலான கடல்பகுதிக்கு மேல் சங்கிலியில் தொங்கும் மெனாய் பாலமும் கிட்டத்தட்ட இந்த ஏற்பாடுதான். தாமஸ் டெல்ஃபோர்டு என்ற பொறியாளர் கட்டி 1826 ஜனவரியில் திறந்தது. 16 சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் 935 தேனிரும்புப் (அடித்து உருவாக்கும் இரும்பு) பட்டைகள். துரு ஏறாமலிருக்க அவற்றை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தார்களாம். படித்ததும் அப்பத்தாவின் எண்ணெய்க் கிண்ணம்தான் என் கண்முன் வந்தது!

இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 176 மீட்டர். பாய்மரக் கப்பல் அடியில் போக வேண்டுமே, அதனால் தளம் தண்ணீருக்கு 100 அடி உயரத்தில்.

சரி, அறுந்ததா? பாரத்தால் இல்லை, காற்றால்தான் தொல்லை. தளம் லேசாக இருந்ததால் 1839 புயலில் பலத்த சேதம். பிறகு தளத்தை மாற்றினார்கள். சங்கிலிகளோ நூறு வருடத்துக்கு மேல் தாங்கின. 1938க்குப் பிறகுதான் எஃகுச் சங்கிலி வந்தது. கோபுரங்கள் இன்றும் அதே கல்தான்.