ஜெர்மனிக்குக் கிளம்பும் நம்ம ஊர் தம்பதிகளுக்கு: கேள்வி பதில்

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். இப்போது கணவரோடு ஷ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு ஜெர்மனிக்குக் கிளம்பும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள். விசா, வீடு, குடும்பம் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி (பர்கூர்): அக்கா, எங்கள் கல்யாணம் ஊர்க் கோயிலில் நடந்தது. விசாவுக்குப் பத்திரிகையும் போட்டோவும் போதுமா?

போதாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் முடித்துவிடுங்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பெயர்களைப் படியுங்கள். நம் ஊரில் பள்ளிச் சான்றிதழில் 'மு. கவிதா', ஆதாரில் 'கவிதா மு', பாஸ்போர்ட்டில் 'கவிதா முருகன்' என்று இருப்பது சகஜம். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான், ஜெர்மன் அலுவலருக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகள் திருமணச் சான்றிதழிலும் இருக்க வேண்டும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): போய் இறங்கியதும் முதல் வேலை என்ன?

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு. இதை ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் இல்லாமல் பதிய மாட்டார்கள். அந்தக் கடிதம் தர மறுக்கிற வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். பதிந்த பிறகு வரி அடையாள எண் தபாலில் வரும். அது வேலை தரும் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லையென்றால் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பில், அதாவது மிக அதிகமாக வரி பிடிப்பார்கள்.

தபால் என்றதும் இன்னொன்று. வீட்டு வாசலில் உள்ள கடிதப் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால்தான் தபால்காரர் கடிதம் போடுவார். கணவர் பெயர் மட்டும் ஒட்டிவிட்டு மனைவியின் வங்கி அட்டைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. இருவர் பெயரையும் ஒட்டுங்கள்.

கேள்வி (பாலக்கோடு): வாடகை 900 யூரோ என்கிறார்கள். அதற்கு மேல் வருமா?

அது 'கால்ட்' வாடகையா 'வார்ம்' வாடகையா என்று கேளுங்கள். கால்ட் என்றால் வீட்டுக்கு மட்டும். வார்ம் என்றால் பொதுவாக வெப்பமூட்டலும் பராமரிப்பும் சேர்ந்தது. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் தனி. முன்பணம் கால்ட் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கச் சட்டம் இல்லை. பல வீடுகளில் சமையலறை என்று வெறும் நான்கு சுவர்தான் இருக்கும். அடுப்பும் தொட்டியும் உண்டா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி (பென்னாகரம்): ராகி மாவு, நெய், மாம்பழம் எல்லாம் கொண்டு போகலாமா அக்கா? அவருக்குக் களி இல்லாமல் முடியாது.

ராகி மாவு, மிளகாய்த்தூள், புளி தாராளமாக. நெய்யும் பால்கோவாவும் பால் கணக்கு, உப்புக்கண்டம் இறைச்சிக் கணக்கு. நெய்யும் பால்கோவாவும் உப்புக்கண்டமும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப்பையில் வரக்கூடாது. பழத்தில் வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியான் இந்த ஐந்துக்குத்தான் சான்றிதழ் வேண்டாம். நம் மல்கோவாவுக்கு வேண்டும். பழ ஈயை அவர்கள் அவ்வளவு அஞ்சுகிறார்கள். 2014-இல் இந்திய மாம்பழத்தையே ஒன்றியம் முழுக்க நிறுத்திவைத்து, 2015-இல்தான் மறுபடி விட்டார்கள். டப்பாவில் அடைத்த மாங்கூழ் ஆசியக் கடைகளில் கிடைக்கும்.

களி கிண்ட ஒரு எச்சரிக்கை: அங்கே பல வீடுகளில் கண்ணாடி அடுப்பு. பாத்திரத்தை அடுப்பின் மேலேயே வைத்து அழுத்திக் கிண்டாதீர்கள், கீழே இறக்கிக் கிண்டுங்கள். கண்ணாடி உடைந்தால் முன்பணத்தில் கழியும்.

கேள்வி (ஊத்தங்கரை): நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா?

ஆறு மாதம். அதன்பின் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதி அவர்கள் உரிமம் வாங்க வேண்டும்.

கேள்வி (தருமபுரி): ப்ளூ கார்டில் (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) போகிறேன். மனைவிக்கு ஏ1 ஜெர்மன் (தொடக்க நிலை) தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. பிறகு அங்கே இருக்கும் நீங்களெல்லாம் ஏன் எங்களை மொழி படி, மொழி படி என்று பயமுறுத்துகிறீர்கள்?

விசாவுக்குத் தேவையில்லை, உண்மை. அவர் வந்த நாளிலிருந்து வேலைக்கும் போகலாம். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதம், மருத்துவமனை வரவேற்பறை, குழந்தையின் பள்ளி எல்லாம் ஜெர்மனில்தான். பின்னால் அவர் தன் பெயரில் நிரந்தரமாகத் தங்கும் உரிமம் கேட்டாலும், ஐந்து ஆண்டு கழித்துக் குடியுரிமை கேட்டாலும் பி1 என்ற இடைநிலை ஜெர்மன் கேட்பார்கள்.

அதே நண்பர் மறுபடி: மருத்துவரிடம் நான் பேசிக்கொள்வேன். அலுவலகத்தில் ஆங்கிலம்தான். அவள் வீட்டில்தானே இருக்கப் போகிறாள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். உங்களுக்கு அலுவலகம் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. நவம்பரில் மாலை ஐந்து மணிவாக்கில் இருட்டிவிடும். அக்கம்பக்கத்தில் வாசல் திறந்து பேசும் வழக்கம் இல்லை. அந்த வீட்டுக்குள் பகல் முழுக்க இருக்கப்போவது அவர். ஒரு பெண் தனக்கு எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் கணவன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்றால் அவர் சொல்லாமலே விட்டுவிடும் விஷயங்கள் உண்டு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். துணையாக வந்தவரின் தங்கும் உரிமை பொதுவாக முதல் மூன்று ஆண்டு கணவனோடு சேர்ந்து வாழ்வதைப் பொறுத்தது. வீட்டில் வன்முறை போன்ற கொடுமை நேர்ந்தால் விதிவிலக்கு உண்டு. பெண்களுக்கான இலவச உதவி எண் 116016. இதைப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புவது தப்பில்லை.

அரூரிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஒரு தங்கை: என் கணவரும் இப்படிச் சொன்னதை நம்பித்தான் வந்தேன். பி.எட். படித்தும் வீட்டில் இருக்கிறேன். இனிமேல் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம் தங்கச்சி. நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே என்று பொதுக் கல்வி மையம் இருக்கும், மொழி வகுப்புக்கு அங்கே பதியுங்கள். பட்டத்தின் மதிப்பை 'அனாபின்' என்ற அரசுத் தரவுத்தளத்தில் பாருங்கள். ஆசிரியர் பணிக்கு ஒவ்வொரு மாநிலமும் தனி அங்கீகாரம் கேட்கும், நாளாகும். அது வரை குழந்தைக் காப்பகங்களில் வேலை கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள்.

தருமபுரி நண்பருக்கு: ஜெர்மன் கற்றுத்தரும் பெங்களூர் கோத்தே இன்ஸ்டிட்யூட் ஓசூரிலிருந்து பக்கம்தான். இணையவழி வகுப்பும் உண்டு. கிளம்புவதற்கு முன் ஏ1 முடிக்க அவருக்கு நேரம் கொடுங்கள். இந்த விவாதத்தை இத்தோடு விடுவோம்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): திருமணச் சான்றிதழில் மனைவியின் இனிஷியல் மாறியிருக்கிறது. பரவாயில்லையா?

முதல் பதிலைப் படியுங்கள். திருத்துங்கள்.

கேள்வி (மத்தூர்): மிக்சி கொண்டு போகலாமா?

போகலாம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மாற்றி ஒன்று வாங்குங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் ஞாயிறு முழுக்கவும் ஓட்டாதீர்கள்.

கேள்வி (காரிமங்கலம்): கிரைண்டர்?

மிக்சிக்குச் சொன்னதேதான்.

கேள்வி (போச்சம்பள்ளி): நான் கர்ப்பம். அம்மா பக்கத்தில் இல்லாமல் பிரசவம் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயப்படாதேம்மா. அங்கே ஹெபாம்மே என்று பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் உண்டு. பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து குழந்தையின் எடை, உன் தையல், பால் கொடுப்பது எல்லாம் பார்ப்பார்கள். செலவு அரசு மருத்துவக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் ஆள் கிடைப்பது கஷ்டம், கர்ப்பம் உறுதியானதுமே தேடு. நீ வேலைக்குப் போகாவிட்டால் கணவரின் அரசுக் காப்பீட்டில் உனக்கும் தனிக் கட்டணம் இல்லாமல் இடம் உண்டு. வேலைக்குப் போனால் பிரசவத்துக்கு முன் ஆறு வாரமும் பின் எட்டு வாரமும் விடுப்பு. அப்புறம் வரி வகுப்பு: சேமிப்புக்கென்று கணவருக்கு மூன்றாம் வகுப்பும் உனக்கு ஐந்தாம் வகுப்பும் போட்டால் உன் கைக்கு வரும் சம்பளம் குறையும், அதை வைத்துக் கணக்கிடும் பெற்றோர் உதவித்தொகையும் குறையும். குழந்தை திட்டம் இருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள்.

அம்மாவும் வரலாம். ஷெங்கன் என்ற குறுகியகால விசாவில் 180 நாளில் 90 நாள் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு வேண்டும். பிரசவ நாளுக்குச் சற்று முன்னால் வரும்படி தேதி போடுங்கள், 90 நாளில் பெரும்பகுதி குழந்தை வந்த பின் பயன்படட்டும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): என் தம்பிக்கு அங்கே வேலை வாங்கித் தர முடியுமா?

முடியாது. 'மேக் இட் இன் ஜெர்மனி' என்று அரசுத் தளம் இருக்கிறது, அதில் பார்க்கச் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு வேலை தருகிறேன் என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.