குஸ்கோ ஊர்வலத்தில் சிவப்புக் குஞ்சம்

கேள்வி: ஸ்பானியர் ஆட்சிக்காலப் பெருவின் குஸ்கோ நகரத் திருவிழா ஓவியங்களில், இன்கா பிரபுக்கள் மூதாதையரின் அரச உடையிலேயே நடந்து வருகிறார்கள். தோற்றவர்களின் அரச உடையை வென்றவர்கள் எப்படி அனுமதித்தார்கள்?

பதில்: அனுமதித்தார்கள் என்பதைவிட, விரும்பியே வரவழைத்தார்கள் என்பது பொருந்தும். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவில் இன்கா வம்சத்தார் கிறிஸ்துவின் உடலாகப் போற்றப்படும் அப்பமான நற்கருணைக்குப் பணிந்து நடந்தால், பழைய சமயம் புதியதற்கு அடங்கிவிட்டதை ஊரே காணும். பணிபவர் யார் என்பது உடையிலேயே தெரிந்தால்தானே அந்தக் காட்சிக்கு மதிப்பு? உடுத்தியவர்களின் கணக்கு வேறு. இன்கா அரச வழித்தோன்றல் என்று நிலைநாட்டியவர்களுக்குத் தலைவரியிலிருந்தும் கட்டாய உழைப்பிலிருந்தும் விலக்கு கிடைத்ததால், ஆண்டுதோறும் அந்த உடையில் வீதிக்கு வருவது பரம்பரைப் பத்திரத்தைப் பலரறியப் படித்துக் காட்டுவதற்குச் சமமாக இருந்தது.

மாஸ்காபைச்சா எனப்படும் சிவப்பு நெற்றிக் குஞ்சம், பேரரசுக் காலத்தில் ஆளும் இன்கா மன்னர் ஒருவருக்கே உரியது. பின்னாளிலோ, இன்கா பிரபுக்களின் 24 வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த கொடியேந்தி, சந்தியாகப்பர் திருவிழாவில் அதைச் சூடி அரச கொடியைச் சுமந்தார். 1670-களில் தொடங்கி சாந்தா அனா ஆலயத்துக்கென வரையப்பட்ட ஓவியத் தொடரில் அத்தகைய ஒருவரான கார்லோஸ் வைனா காபாக்கின் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. அவர் அணிந்த உன்கு என்னும் மேலங்கி முன்னோருடையது. அதற்குள்ளிருந்து வெளிவரும் லேஸ் வைத்த சட்டைக் கைகள் ஸ்பானியருடையவை. ஆகவே இதைக் கலப்பில்லாத தொன்மை என்று கொள்வது பிழை.

இந்த உரிமையை எல்லாப் பழங்குடியினரும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. இன்காக்களால் முன்பு அடக்கப்பட்ட கன்யாரிகள் ஸ்பானியர் பக்கம் சேர்ந்தவர்கள். 1555-ஆம் ஆண்டு ஊர்வலத்தில் அவர்களின் தலைவர் பிரான்சிஸ்கோ சில்சே அணிகலன் ஏதுமின்றிப் போர்வையோடு வந்து, திடீரென அதை விலக்கி, வெட்டப்பட்ட இன்காத் தலையின் போலி உருவத்தை முடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார் என்றும், சில இன்காக்கள் அவர்மேல் பாய்ந்து தாக்கினர் என்றும் வரலாற்றாசிரியர் கார்சிலாசோ எழுதியிருக்கிறார்.

கேள்வி: பிறகு அந்த உடை ஏன் தடைசெய்யப்பட்டது?

பதில்: இரண்டாம் துபாக் அமாரு 1780-இல் கிளர்ந்தெழுந்து, தம்மை இன்கா மன்னரின் வாரிசாக முன்னிறுத்தியதே காரணம். 1781 மே மாதம் அவருக்கு மரண தண்டனை விதித்த அரேச்சே என்னும் அதிகாரி, அதே தீர்ப்பில் இன்கா உடைகளைத் தடைசெய்து, வீட்டுச் சுவர்களிலிருந்த இன்கா மன்னர் ஓவியங்களையும் அகற்றச் சொன்னார்; சங்கு ஊதுவதைக்கூட விட்டுவைக்கவில்லை. குஸ்கோவின் இன்கா பிரபுக்களில் பலர் அந்தக் கிளர்ச்சியை எதிர்த்து ஸ்பானிய மன்னருக்காகப் போரிட்டவர்கள் என்ற போதிலும், தடை அவர்களுக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது.