பாலாடையில் வெண்படலம்: கொதிக்க வைத்தும் போகாதது ஏன்?

குறைமாதக் குழந்தைக்குப் பால் புகட்டும் ஸ்டீல் பாலாடையைக் கொதிக்க வைத்த பிறகும் அதன் மூக்கில் வெண்படலமும் பால் வாடையும் நிற்கிறது என்கிறீர்கள். கழுவாமல் நேரே கொதிநீரில் போட்டால் அப்படித்தான். சூட்டில் பால் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். புகட்டியவுடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு வெந்நீர், சோப்பு, சின்ன பிரஷ். மூக்கின் உள்பக்கத்தை விடாதீர்கள், பால் தங்குவதே அங்குதான்.

கழுவிய பாலாடை முழுதாக மூழ்கியிருக்க, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம். நடுவில் இன்னொரு பாலாடையைப் போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. துணியால் துடைக்க வேண்டாம், காற்றிலேயே உலரட்டும்.

ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறப்போடச் சொல்வார்கள். ஸ்டீலுக்கு அது ஆகாது, புள்ளி புள்ளியாக அரிக்கும். வாடையே இல்லாமல் சுண்ணாம்புப் பூச்சு மட்டும் தெரிந்தால் அது உப்புத் தண்ணீர் வேலை. வினிகரில் ஊறவைத்து நன்றாக அலசிவிட்டு, மறுபடி கொதிக்க வையுங்கள்.