பழைய பிக்கப்பின் முன்புறத்தைத் தாழ்த்துவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். என்னிடம் 1969ஆம் ஆண்டுச் செவ்ரோலெட் சி-10 பிக்கப் ஒன்று உள்ளது. முன்சக்கரங்களில் டிரம் பிரேக்குகளே இருக்கின்றன. வண்டியின் முன்புறத்தை மூன்று அங்குலம் தாழ்த்த விரும்புகிறேன். முன் சுருள்விற்களில் ஒன்றரைச் சுற்றைக் கேஸ் கட்டரால் அறுத்துவிட்டால் போதும், செலவே இல்லை என்கிறார் நண்பர். அவ்வாறு செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். சுருள்வில்லின் எஃகு, பதப்படுத்திக் கடினமாக்கப்பட்ட எஃகு. கேஸ் கட்டரின் சுடர் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். நாளடைவில் அந்த இடம் தளர்ந்து அமுங்கும் அல்லது ஒடியும். அறுத்தே தீர வேண்டும் என்றால் சூடேறாதபடி அறுக்கும் வட்டைக் கொண்டு, ஒரு நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் போகாமல் அறுத்து, வண்டியை இறக்கி உயரத்தை அளந்து பார்த்த பிறகே மேற்கொண்டு அறுக்க வேண்டும். உங்கள் வண்டியில் வில், சக்கரத்துக்கு நேர் மேலே அல்லாமல் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மின் (சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கையின்) இடையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வில்லில் குறையும் உயரத்தைவிடச் சக்கரத்தருகே வண்டி கூடுதலாகத் தாழும். ஒன்றரைச் சுற்று என்பது நீங்கள் கேட்ட மூன்று அங்குலத்தைத் தாண்டிப் போய்விடக் கூடும்.

அறுப்பதில் இன்னொரு விளைவும் உண்டு. வில்லின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமைவது. எட்டுச் சுற்று வேலை செய்யும் வில்லில் ஒன்றை நீக்கினால் விறைப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். தாழ்ந்த வண்டிக்குச் சற்று விறைப்பான வில் தேவைதான். ஆனால் வில்லைக் குட்டையாக்கும்போது கன்ட்ரோல் ஆர்முக்கும் அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் முட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி அப்படியே சுருங்குகிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஆர்ம் முட்டில் மோதும். அந்த அதிர்ச்சியைச் சட்டகமும் உங்கள் முதுகும் வாங்கிக்கொள்ளும். தாழ்த்திய வண்டி என்றாலே முரட்டுத்தனமாக ஓடும் என்ற எண்ணம் பெரும்பாலும் இதனால்தான் பரவியிருக்கிறது.

நான் பரிந்துரைப்பது தாழ்வு ஸ்பிண்டில். கன்ட்ரோல் ஆர்ம்களின் முனையில் எப்பக்கமும் திரும்பக்கூடிய குண்டு மூட்டுகளான மேல், கீழ்ப் பால் ஜாயின்ட்டுகளுக்கு இடையே நின்று சக்கரத்தைத் தாங்கும் உறுப்பே ஸ்பிண்டில். சக்கர அச்சு பொருந்தும் முளையை வழக்கமான இடத்தைவிட மேலே தள்ளி வார்த்திருப்பார்கள். அந்த அளவுக்கு வண்டி கீழே வரும். சி-10 வண்டிக்குப் பரவலாகக் கிடைப்பது இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 63 மில்லிமீட்டர் தாழ்த்துவது. இதில் கன்ட்ரோல் ஆர்ம்களின் கோணமும், வில்லின் நீளமும், மேலும் கீழும் அசைய இருந்த இடமும் மாறுவதில்லை. பழைய நீளத்திலேயே ஷாக் அப்சார்பர் போடலாம். எஞ்சிய அரை அங்குலத்தைச் சற்றே குட்டையான வில் தந்துவிடும். இந்த முறையில் வண்டி தாழ்ந்து நிற்கும், ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஓடியது போலவே ஓடும். பழைய வண்டியைத் தாழ்த்துவதில் எனக்கு மனநிறைவு தருவது இதுதான்.

இப்போது உங்கள் டிரம் பிரேக்குக்கு வருவோம். சி-10 வண்டிகளில் முன்சக்கர டிஸ்க் பிரேக் 1971ஆம் ஆண்டு மாடலிலிருந்துதான் இயல்பாக வரத் தொடங்கியது. சந்தையில் உள்ள தாழ்வு ஸ்பிண்டில்கள் பெரும்பாலும் அதற்கேற்பவே செய்யப்பட்டவை. ஆகவே ஸ்பிண்டிலோடு டிஸ்க், அதைக் கவ்வி நிறுத்தும் காலிப்பர், பொருத்தமான பால் ஜாயின்ட்டுகள், டிஸ்க்-டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர், முன்பின் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் வால்வு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். செலவு கூடும், ஆனால் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு வண்டியை இன்றைய நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறில்லை. சக்கர போல்ட்டுகளையும் கவனியுங்கள். 1970 வரை ஆறு, 1971 முதல் ஐந்து. தவறான டிஸ்க்கை வாங்கினால் உங்கள் ரிம்கள் முன்பக்கம் பொருந்தாது. தாழ்வு ஸ்பிண்டிலில் கீழ்ப் பால் ஜாயின்ட் ரிம்மை நெருங்கி வருவதால் குறைந்தது 15 அங்குல ரிம் வேண்டும்.

வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் ஒன்றுதான்: அமுங்கிய வில்லை விடுவிப்பது. சட்டகத்தை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கீழ் ஆர்முக்கு அடியில் சக்கரமுள்ள ஜாக்கியைக் கொடுத்து, வில்லைச் சங்கிலியால் சட்டகத்தோடு பிணைத்துக்கொள்ளுங்கள். பால் ஜாயின்ட் நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரைகளில் நிற்க விட்டு, ஜாயின்ட்டைத் தட்டி விடுவித்த பிறகே நட்டை எடுத்து, ஜாக்கியை மெதுவாக இறக்க வேண்டும். வில் வெளியேறக்கூடிய திசையில் யாரும் நிற்கக் கூடாது. மீண்டும் பூட்டும்போது கோட்டை நட்டுக்கு (ஊசி நுழைய விளிம்பில் வெட்டுகளுள்ள நட்டுக்கு) புதிய பிளவு ஊசிதான் போட வேண்டும். பழையதை நிமிர்த்திப் போடும் பழக்கம் இங்கே கூடாது.

முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். கேம்பர் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்போ பின்போ சாயும் கோணம்) இரண்டையும் மேல் கன்ட்ரோல் ஆர்மின் தண்டுக்கும் சட்டகத் தாங்கிக்கும் இடையிலுள்ள தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வார்கள். அந்தத் தகடுகளை எந்த இடத்திலிருந்து எத்தனை எடுத்தோம் என்று குறித்துவைத்தால் மெக்கானிக்கின் வேலை எளிதாகும். முகப்பு விளக்குகளின் உயரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். பின்புறத்தையும் பின்னர் தாழ்த்துவதாக இருந்தால், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி அச்சை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நீளத்தை மாற்றக்கூடிய கம்பி அதற்குத் தீர்வு.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். வண்டியை எவ்வளவு தாழ்த்தினால் சட்டப்படி குற்றம்?

பதில்: அம்மாநிலத்தில் 1958ஆம் ஆண்டு முதல், வண்டியின் எந்தப் பகுதியும் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கும்படி மாற்றக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. 1950களின் இறுதியில் ரான் அகிரே என்பவர் தம் கார்வெட் காரில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பைப் பொருத்தி, காவலர் வரும்போது உயர்த்தவும் போன பிறகு தாழ்த்தவும் வழி கண்டது இதன் பின்னணியில்தான். 2024 ஜனவரி 1 முதல் அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் அதன் அளவுகோலை நான் கைவிட மாட்டேன். ஒரு பக்க ரிம்மின் அடிவிளிம்பிலிருந்து எதிர்ப்பக்கச் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். இருபுறமும் அவ்வாறு செய்து பாருங்கள். கன்ட்ரோல் ஆர்மோ, ஸ்டியரிங் கம்பியோ அந்த நூலுக்குக் கீழே வந்தால், டயர் திடீரெனக் காற்றிழக்கும்போது அது தார்ச்சாலையை உழும். ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்காது.

கேள்வி: 1967ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 வண்டியில் முன் விற்களைக் குட்டையாக்கிய பிறகு, டயர்களின் உட்புற விளிம்பு மட்டும் வேகமாகத் தேய்கிறது. அலைன்மென்ட் கடையில் சரிசெய்ய இயலவில்லை என்கிறார்கள். ஏன்?

பதில்: கடைக்காரர்கள் சொல்வது உண்மை. ஃபோர்டு 1965இல் அறிமுகப்படுத்திய இரட்டை ஐ-பீம் (முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எஃகு அச்சுத் தண்டு) அமைப்பில், இடச் சக்கரத்தின் பீம் வலப்பக்கத்திலும், வலச் சக்கரத்தின் பீம் இடப்பக்கத்திலும் கீல் கொண்டு தொங்குகின்றன. வில் குட்டையாகி வண்டி இறங்கும்போது பீம்களின் வெளிமுனை மேலேறுகிறது. சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. அந்தப் பழைய பீம்களில் கேம்பரைத் திருத்தச் சி-10 வண்டியில் உள்ளது போன்ற தகடுகள் இல்லை. அதனால்தான் கடையில் கைவிரித்தார்கள். வழி இரண்டு. அச்சு முளை உயர்த்தி அமைந்த தாழ்வு பீம்களை வாங்கி, பழைய உயர விற்களைத் திரும்பப் போடலாம். வண்டி தாழ்ந்தே நிற்கும், சக்கரமும் நேராக நிற்கும். அல்லது, பெரிய லாரிகளின் அச்சுகளைச் சீர்செய்யும் பட்டறையில் இப்போதுள்ள பீம்களை அழுத்த இயந்திரத்தில் குளிர்நிலையிலேயே வளைத்துக் கேம்பரைத் திருத்தித் தரச் சொல்லலாம். சூடாக்கி வளைக்க முன்வருபவரிடம் வண்டியை விட்டுவிடாதீர்கள். எந்த வழியானாலும், காஸ்டர் கோணத்தையும் அதே நாளில் அளக்கச் சொல்லுங்கள். பீம்களை முன்பின்னாகப் பிடித்திருக்கும் கைகள் வண்டி தாழ்ந்தபோதே அதையும் மாற்றியிருக்கும்.